தடுப்பூசி மேசையருகே ஒரு நாற்காலி

(கமக்காரர் சங்கக் கூட்டமொன்றில் குழந்தை வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நாற்றுமேடையிலே ஓர் இலை சுருண்டாலும் உங்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை. கன்று நடும்வரை பொறுத்துப் பார்ப்போம் என்று எந்தக் கமக்காரரும் இருப்பதில்லை. ஆனால், மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கும் மனம் என்றொன்று உண்டு, அது நோகவும் கூடும் என்று சொன்னால், படித்த உத்தியோகத்தர்களே சிரிக்கின்றனர். என் தொழிலைச் சேர்ந்தவர்களும் சிரிப்பதுண்டு. ஒருகாலத்தில் நானும் அவர்களில் ஒருவனே.

என் பிழையொன்றை முதலிற் சொல்லிவிடுகிறேன். ஆறுமாதக் குழந்தையுடன் ஒரு தாய் நான்குமுறை வந்தாள். பால் குடிக்கவில்லை, உறங்கவில்லை என்பதே முறைப்பாடு. நிறுத்தேன்; நெஞ்சைச் சோதித்தேன்; மருந்து எழுதினேன். நான்காம் முறை, கதவுவரை சென்றவள் திரும்பி நின்று, "ஐயா, இந்தப் பிள்ளை அழேக்கை எனக்கு இரக்கம் வருகுதில்லை" என்றாள்.

அப்போது நான் செய்தது யாது? நகரத்து மனநோய்ப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையிற் கொடுத்தேன். அவள் போகவில்லை. இரண்டு பஸ் மாறவேண்டும். ஒருநாட் கூலி போய்விடும். அந்த வரிசையில் நிற்பதை ஊரார் காண்பர். மாமியார் காதுக்கு எட்டினால் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்தே பைத்தியம் என்ற பெயர் வந்துவிடும். கடிதத்தோடு என் கடமை முடிந்தது என்று எண்ணினேனே, அதுதான் பிழை. சேவை இல்லாமலில்லை, அவள் கால்வைக்கக்கூடிய இடத்தில் அது இருக்கவில்லை.

பிற நாட்டார் இதனை எப்போதோ கண்டுகொண்டனர். லண்டனில் பாடிங்டன் கிறீன் சிறுவர் மருத்துவமனையில் நாற்பது ஆண்டுகள் பணிபுரிந்த டொனால்ட் வினிகொட், குழந்தை வைத்தியராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் ஒருங்கே விளங்கியவர். தாயின் மடியிலிருக்கும் குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில், நாக்கை அழுத்திப் பார்க்கும் பளபளப்பான உலோகத் தகட்டை வைப்பார். குழந்தை கைநீட்டுகிறதா, தயங்குகிறதா, பெரியவர்களின் முகத்தைப் பார்க்கிறதா என்று பொறுமையோடு கவனிப்பார். 1941இல் அதனை எழுதி வெளியிட்டார். உடலைச் சோதிக்கும் அதே அறையில் மனத்தையும் பார்க்கலாம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அமெரிக்காவில் செல்மா பிறைபேர்க்கும் அவர் துணைவர்களும் 1970களில் மிச்சிகன் மாநிலத்தில் வீடுகளுக்கே சென்று, சமையலறையில் அமர்ந்து தாய்மாரோடு பேசினர். 1994இல் அந்நாட்டில் 'ஹெல்தி ஸ்டெப்ஸ்' என்னும் திட்டம் தொடங்கியது. பிள்ளை வளர்ச்சியிற் பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தை வைத்தியரின் நிலையத்திலேயே பணிபுரிகிறார். வழக்கமான சோதனைக்கு வரும் குடும்பம் அங்கேயே அவரைச் சந்திக்கிறது. கடிதமில்லை, வேறு வாசலுமில்லை. 5,565 பிள்ளைகளை உள்ளடக்கிய ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. அத்திட்டத்திற் சேர்ந்த குடும்பங்கள், சேராதவர்களைவிடக் காலந்தவறாமல் தடுப்பூசி போட்டுக்கொண்டன. அதே வைத்தியரிடம் நெடுநாள் நிலைத்தன. பிள்ளையைக் கடுமையாகத் தண்டிப்பதும் குறைந்தது. எல்லாக் குறையும் தீர்ந்தது என்று நான் கூறவரவில்லை. ஆனால், குடும்பங்கள் ஓடி ஒளியவில்லை.

நம் நாட்டிலோ வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. மருத்துவமாது வீடுதேடி வருகிறார். தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுவராத தாய் மிக அரிது. 2, 4, 6, 9, 12, 18ஆம் மாதங்களில் அவள் நம் முன்னே வந்து நிற்கிறாள். பிள்ளையை நிறுக்கிறோம், தாயின் மனநிலையைக் கேட்பது இன்னும் எல்லா இடத்திலும் வழக்கமாகவில்லை. பிள்ளை பெற்ற தாயின் மனச்சோர்வை அறிய 1987இல் வெளியான எடின்பரோ வினாத்தாளில் இருப்பவை பத்தே வினாக்கள். காத்திருக்கும் வாங்கிலேயே நிரப்பிவிடலாம்.

தேர்தல் மேடைகளில் ஆஸ்பத்திரிக் கட்டிடங்கள் கேட்கிறோம். நான் உங்களிடம் கேட்பது கட்டிடமன்று. கிளினிக் நடக்கும் மண்டபத்தில் ஒரு மூலைக்குத் திரையும் இரண்டு நாற்காலிகளும் தாருங்கள். அன்றைக்கு மட்டும் தோட்டத்து இறைப்பைப் பிற்பகலுக்கு மாற்றித் தகப்பன்மாரும் வரட்டும்.

அந்தத் தாய் ஒன்பதாம் மாத ஊசிக்கு வந்தபோது, தாதியை அவளருகே இருத்திவிட்டு நான் வெளியே நின்றேன். முக்கால் மணிநேரம் வரிசை காத்திருந்தது, பலர் முணுமுணுத்தனர். பன்னிரண்டாம் மாதம், யாரும் சொல்லாமலே, அவள் அந்த நாற்காலியிற் சென்று அமர்ந்தாள்.