கையும் சொல்லும்



1975இல் இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சியில் 'சர்வைவர்ஸ்' என்னும் தொடர் தொடங்கிற்று. டெர்ரி நேஷன் படைத்த அத்தொடர் 1977 வரை நிகழ்ந்தது. கொள்ளைநோய் ஒன்று உலக மக்களுள் மிகப் பெரும்பாலோரை மாய்த்துவிட, எஞ்சிய சிலர் வாழ முயல்வதே கதை. மகனைத் தேடி அவன் பயின்ற பள்ளிக்குச் செல்கிறாள் ஏபி என்னும் தாய். அங்கே தனித்திருக்கும் முதிய ஆசிரியர் அவளுக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறார்: கடைகளில் எஞ்சிய பொருள்கள் ஒருநாள் தீரும், அதன்பின் மூலப்பொருளிலிருந்து எதையும் செய்யக் கற்றவரே வாழ்வர்.

2020இல் கொரோனாவால் வீட்டிலிருந்த நாள்களில் இதனை எண்ணினேன். கைத்திறன் அழியக் கொள்ளைநோய் வேண்டுவதில்லை. மின்விசைப் பம்பு வந்தது. கவலை ஏற்றம் நின்றது. சால், வடம், தும்பி என்னும் சொற்களும் நம் வாய்களிலிருந்து நீங்கின. முனைவர் பட்டம் பெற்ற நான் அவற்றுக்குப் பொருள் கூறுவேன். ஒரு சால் நீர் இறைக்க அறியேன்.

ஞானசம்பந்தர் பாடிய இவ்விரும்பை மாகாளத்தில், கடுவெளிச் சித்தர் கதையோடு இணைந்த உடைந்த இலிங்கம் செம்பினால் பிணைக்கப்பட்டு வழிபாடு பெறுகிறது. கதையைச் சொல்வோர் இன்றும் பலர். செம்பை வளைத்துக் கட்டிய கையை எண்ணுவோர் யார்?

பத்தாண்டு கண்ட நம் வட்டம், இனி முதியோரிடம் சொல்லோடு தொழிலையும் கேட்டு எழுதுமாக.