ஒப்பேற்றாத கை



திருத்தணி வட்டாரத்தில் மேடையேறும் யாரும் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பெயரைச் சொல்லாமல் இறங்குவதில்லை. 1888-ல் இங்கே பிறந்தார், குடியரசுத் தலைவரானார் என்று பதவிப் பட்டியல் நீளும். அவர் தத்துவம் படிக்க வந்த கதையை மட்டும் விட்டுவிடுவார்கள். வீட்டில் வசதி இல்லை. உறவுக்கார அண்ணன் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் சும்மா கிடைத்தன. அதனால் அந்தப் பாடம்! ஆனாலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ.வுக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றி அவர் எழுதிய ஆய்வேடு 1908-ல் நூலாகவே அச்சேறியது. அப்போது வயது 20. 1921-ல் மைசூரிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, பூ அலங்கரித்த வண்டியில் அவரை உட்காரவைத்து மாணவர்களே ரயில் நிலையம்வரை இழுத்துப் போனார்கள். பாடத்தை ஒப்பேற்றிவிட்டுப் போகிற வாத்தியாருக்கு எந்த ஊர்ப் பிள்ளைகளும் வண்டி இழுக்கமாட்டார்கள்.

இந்த வட்டாரத்து மணவூர் ஸ்டேஷனில் மின்சார ரயிலைப் பிடித்துப் போய்ப் படித்தவர்களிலும் கேட்ட பாடம் ஒன்று, கிடைத்தது வேறொன்று என்று இருப்பவர்கள் உண்டு. மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமிக்கும் அதே கதைதான். இன்னும் கொடுமையாக.

1918-ல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டார். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து ராணுவ மருத்துவப் பணிக்குப் போனவரை 30 வயதையொட்டி முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிக்கொண்டன, பேனா பிடிப்பதே பெரும்பாடு. பிரசவம் பார்க்க வழியில்லை என்றானதும் கண் மருத்துவத்துக்கு மாறினார். மயிரிழை பிசகினாலும் பார்வை போகிற வேலைக்கு அந்தக் கையோடு போனதுதான் ஆச்சரியம். வளைந்த விரலுக்குத் தோதான கருவிகளை வடிவமைத்து, கத்தி பிடிக்கத் திரும்பத் திரும்பப் பழகினார். வாழ்நாளில் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976-ல், 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே ருசி தருகிற மெக்டொனால்ட்ஸ் கடைகள் அவரை ரொம்ப யோசிக்கவைத்தன. பர்கருக்கு முடிவது கண்புரைக்கு முடியாதா என்று கேட்ட டாக்டர் அவர்!

அரவிந்த் ஆபரேஷன் தியேட்டரில் மேசைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒருவருக்கு அறுவை நடக்கையிலேயே அடுத்தவரைச் செவிலியர்கள் தயார்செய்துவிடுவார்கள். முடித்த மருத்துவர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புவார். செவிலியர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள், அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். வேகம் கூடினால் தரம் சறுக்கும் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் பதிவேடு. எந்த மருத்துவர் செய்த அறுவையில் என்ன சிக்கல் வந்தது என்று குறித்துவைத்து, அவரிடமே காட்டுகிறார்கள். கூச்சமாக இருக்கும்தான். ஆனால், மறுமுறை கை எங்கே கவனமாக வேண்டும் என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

அரவிந்தின் ஆரம்ப காலத்தில், புரை நீக்கிய கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஒன்று சுமார் 100 டாலர். ஏழைக்கு எட்டாது. லென்ஸ் இல்லாமல் சோடாபுட்டிக் கண்ணாடியோடு அனுப்பினால் போதும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி, சுமார் 10 டாலருக்கு லென்ஸ் செய்தார்கள். விலை பிறகு இன்னும் இறங்கியது. மலிவுச் சரக்கு என்று யாரும் ஒதுக்கவில்லை: அந்த லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.