சங்கிலி வேண்டாம், சிகிச்சை வேண்டும்!
(அரியலூர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் 28 மனநோயாளிகள் தீயில் கருகி மாண்டனர். தப்பி ஓடவிடாமல் தடுத்தது சங்கிலி!

2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடை செய்கிறது. மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசுச் சேவை இல்லையேல், அங்கே வேறிடத்தில் பெறும் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வேண்டுமென்கிறது.

ஆனால் பெரம்பலூர் பருத்திக்காட்டிலும் அரியலூர் சிமெண்ட் ஆலையிலும் தினக்கூலிக்கு உழைப்பவன் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு அலைந்தால் அன்றையக் கூலி போச்சு. ஆகவே தரம் என்பது கட்டிடத்தின் சதுர அடி அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குறித்த நாளில் மருத்துவர் வருகிறாரா? மாத்திரை தடையின்றிக் கிடைக்கிறதா? வராத நோயாளியை ஊழியர் வீடு தேடிச் சென்று பார்க்கிறாரா? இம்மூன்றையும் அரசின் தர விதிகளில் சேர்க்க வேண்டும். கிராம சபைதோறும் இதைத் தீர்மானமாக்குங்கள்!