சூரியத் தகடும் விற்பனையாளர் வாக்கும்



வெயிலுக்கு விலை இல்லை. ஆயினும் அவ்வெயிலை மின்சாரமாக்கும் தகடுகளுக்கு விலை உண்டு. அவ்விலையைக் கடனாகப் பெற்றுக் கொடுத்தவர்க்கு வட்டியும் உண்டு. பிரித்தானியாவிலே கடன்பட்டு வீட்டுக் கூரைகளிற் சூரியத் தகடுகளைப் பொருத்தியோர் பலர் இதனைப் பிந்தியே உணர்ந்தனர். அவர்கள் நட்டஈடு பெறுதற்கு அந்நாட்டுச் சட்டம் வகுத்துள்ள வழியை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

வீட்டிற் பிறக்கும் சூரிய மின்சாரத்தின் ஒவ்வோர் அலகுக்கும் பணம் வழங்கும் திட்டம் அங்கு 2010 ஏப்ரில் மாதத்தில் ஆரம்பமாயிற்று. முன்னரே கட்டப்பட்ட வீட்டிற் சிறிய அளவிற் பொருத்தியோர்க்கு அலகொன்றுக்கு 41.3 பென்ஸ் கிடைத்தது. 2012இல் அது 21 பென்ஸாகக் குறைக்கப்பட்டது. 2019 மார்ச் மாத முடிவோடு புதியவர்களைச் சேர்த்தல் நின்றது. கொடுப்பனவு குறைந்த பின்னரும், தகடுகள் தம் செலவைத் தாமே தீர்த்துவிடும் என்று வீடு வீடாகச் சென்று உறுதியளித்த விற்பனையாளர் பலர் இருந்தனர்.

ஓர் உதாரணம் கொள்வோம். கடன் தவணை மாதம் 90 பவுண். தகடுகளால் வரும் பணமும் மின்கட்டணத்தில் மிஞ்சுவதும் சேர்ந்து 60 பவுண். மாதந்தோறும் 30 பவுண் கையிலிருந்து செல்லும். பத்தாண்டில் அது 3,600 பவுணாகும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு இது சிறு தொகையன்று.

விற்ற கம்பனி மூடப்பட்டிருப்பின் யாரிடம் கேட்பது? இவ்விடத்திலேதான் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் துணைக்கு வருகின்றது. பொருளின் விலை 100 பவுணுக்கு மேற்பட்டு 30,000 பவுணுக்கு மேற்படாதிருந்து, கடனும் விற்பனையாளர் வாயிலாக ஒழுங்கு செய்யப்பட்டிருப்பின், விற்பனையாளரின் பொய்யுரைக்கும் ஒப்பந்த மீறலுக்கும் கடன் கொடுத்தவரும் பொறுப்பாளியாவார் என்கின்றது அதன் 75ஆம் பிரிவு. பேரம் பேசும்போது விற்பனையாளர் கூறியவை கடன் கொடுத்தவர் சார்பாகவும் கூறப்பட்டனவாகவே கொள்ளப்படும் என்பது 56ஆம் பிரிவு. ஆதலின் விற்றவர் மறைந்தாலும் உரிமை மறைவதில்லை. ரொக்கமாகப் பணம் செலுத்தியவர்க்கோ இப்பாதுகாப்பு இல்லை.

முதலிற் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு செய்தல் வேண்டும். மறுமொழி கூற அதற்கு எட்டு வாரம் உண்டு. மறுமொழி திருப்தி தராவிடின், அது கிடைத்து ஆறு மாதத்துக்குள் நிதித்துறைக் குறைகேள் பணியகத்தை நாடலாம். முறையிடுவோரிடம் அங்கு கட்டணம் அறவிடப்படுவதில்லை. ஆகவே, கிடைக்கும் தொகையிற் பங்கு கேட்கும் தரகரை நாடுமுன் ஒரு முறை சிந்தித்தல் நன்று. பொதுவாக, சம்பவம் நிகழ்ந்து ஆறாண்டு, அன்றேல் குறையை அறிந்தது முதல் மூன்றாண்டு, இவற்றுள் எது பிந்தியதோ அதற்குள் முறையிடல் வேண்டும். தகடுகளின் வருவாய் கடனை ஈடுசெய்யுமளவுக்குக் கடனைக் குறைக்குமாறு பணியகம் பணித்த வழக்குகள் உண்டு.

எனினும், மழைக்காலத்தில் மின்சாரம் குறைந்தது என்பது மட்டும் மோசடியாகாது. விற்பனையாளர் எதனைச் சொன்னார், அதனை நம்பியே கையொப்பமிட்டோமா என்பதே கேள்வி. அதற்குச் சான்றாவன அவர் எழுதித் தந்த மதிப்பீடு, விளம்பரத் தாள், கடன் ஒப்பந்தம், மின்கட்டணச் சீட்டுகள் ஆகியன.

நம் நாட்டிலும் 2016இல் அரசாங்கம் கூரைச் சூரிய மின்சாரத்தை ஊக்குவிக்கும் திட்டத்தைத் தொடங்கியபின், கடன்பட்டுத் தகடு பொருத்துவோர் பெருகினர். நுகர்வோரைத் தவறாக வழிநடத்துதலை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கின்றது. முறைப்பாடு உடையோர் காலந் தாழ்த்தாது அச்சபைக்கு எழுதுதல் வேண்டும். இனி வாங்க விரும்புவோர், மாதம் எத்தனை அலகு கிடைக்கும், தவணை எவ்வளவு என்பவற்றை விற்பனையாளரின் கையெழுத்தோடு தாளிற் பெற்ற பின்னரே தம் கையெழுத்தை இடுவாராக.