பச்சை குத்திய கை
(நம் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் செக்யூரிட்டி வேலை கேட்டு ஒரு தம்பி வந்தார். "கை முழுக்க டாட்டூ, நமக்குச் சரிப்படாது" என்று கமிட்டியில் சொன்னவன் நான்தான். அப்புறம் மனசு உறுத்தியது. டாட்டூவைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அதை உங்களிடம் சொல்கிறேன்.

இது நேற்று வந்த நாகரிகம் இல்லை. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதர் உடலில் 61 பச்சைக் குறிகள் இருந்தன. 'டாட்டூ' என்ற சொல் பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது. 1769-இல் டஹிட்டிக்குப் போன கேப்டன் குக்கின் கப்பல்காரர்கள் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். சமோவாவில் ஆண்கள் இடுப்பு முதல் முழங்கால் வரை குத்திக்கொள்கிறார்கள். நியூசிலாந்து மாவோரிகள் முகத்தில் இடும் 'மோக்கோ', ஒருவரின் குலத்தையும் முன்னோரையும் சொல்லும். எங்கள் பேங்க் பாஷையில், அதுதான் அவர்களுடைய கே.ஒய்.சி!

கப்பல் மாலுமிகளின் பாணி வேறு: தடித்த கறுப்புக் கோடு, நங்கூரம், குருவி. 1891-இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி மின்சார மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியபின் வேலை சுலபமானது.

ஜப்பான் கதைதான் என்னைச் சுட்டது. அங்கே ஒரு காலத்தில் குற்றவாளிகளுக்குத் தண்டனையாகக் குறி குத்தினார்கள். அதே ஊரில் உயிரைப் பணயம் வைத்துத் தீயணைத்தவர்களும் முதுகு நிறைய டிராகன் குத்திக்கொண்டார்கள். 1872 முதல் 1948 வரை அரசு தடையே போட்டது. இன்றும் பல பொதுக் குளியல் இடங்களில் டாட்டூ இருந்தால் உள்ளே விடுவதில்லை. நானும் அதையேதானே செய்தேன்?

நம் ஊரில் குறவர் இனப் பெண்கள் ஊசியோடு தெருத்தெருவாக வருவார்கள். கோலம், தேள், பெயர் என்று குத்துவார்கள். என் அம்மாவின் முன்கையில் புள்ளிக்கோலம் உண்டு. கவுண்டரில் கைநாட்டு வைக்க வந்த எத்தனையோ பாட்டிகளின் கையில் பச்சையைப் பார்த்திருக்கிறேன். ஒருவரையும் அதற்காகச் சந்தேகித்ததில்லை.

நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அந்தத் தம்பியைத் திரும்பக் கூப்பிடுங்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரியுங்கள், போலீஸ் சரிபார்ப்பு செய்யுங்கள். கையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.