பாஸா, தனித்தனி டிக்கெட்டா? ஜப்பான் பயணத்தில் நாங்கள் போட்ட கணக்கு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பிலிருந்து எட்டுப் பேர் ஜப்பான் போய் வந்தோம். அடுத்து இன்னொரு குழு கிளம்பப் போகிறது. ரயில் செலவைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார்.

முதலில் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன் சுவிட்சர்லாந்து போனபோது, "எல்லாருமே பாஸ் வாங்கிவிடலாம், குழப்பம் இருக்காது" என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். இரண்டாம் நாளே நம் டீச்சரம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, ஹோட்டலிலேயே தங்கிவிட்டார். பாஸுக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட அவருக்குப் பயன்படவில்லை. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது அவருடைய பென்ஷன் பணம் என்பது எனக்கு ஊர் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

அதனால் இந்த முறை பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

ஜப்பானின் ஏழு நாள் ரயில் பாஸ் முன்பு 29,650 யென். 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆனது. "கண்ணை மூடிக்கொண்டு பாஸ் வாங்குங்கள்" என்று சொல்பவர்கள் பலர் பழைய விலையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள்.

எங்கள் வழி டோக்கியோவில் இறங்கி, கியோட்டோ, ஹிரோஷிமா பார்த்து, ஒசாகாவில் விமானம் ஏறுவது. புல்லட் ரயிலில் டோக்கியோ–கியோட்டோ சுமார் 14,000 யென். கியோட்டோ–ஹிரோஷிமா சுமார் 11,500. ஹிரோஷிமா–ஒசாகா சுமார் 10,500. ஆக மொத்தம் 36,000. பாஸ் வாங்கினால் ஆளுக்கு 14,000 யென் நஷ்டம். அதுவே டோக்கியோவுக்குத் திரும்பி வருவதாக இருந்தால் கணக்கு ஏறக்குறைய 50,000-ஐத் தொட்டுவிடும். எந்த ஊரில் விமானம் ஏறுகிறோம் என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது.

பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டேன். ஒரு தம்பதிக்குத் திரும்பும் விமானம் டோக்கியோவில். ஹிமேஜி கோட்டையையும் பார்க்க ஆசை. அவர்கள் இருவருக்கும் பாஸ். டீச்சரம்மா, "எனக்கு ஹிரோஷிமா வேண்டாம்பா, கியோட்டோ கோயில்களை நிதானமாகப் பார்க்கிறேன்" என்றார். துணைக்கு என் மனைவி தங்கினாள். கியோட்டோவிலிருந்து ஒசாகாவுக்குச் சாதாரண ரயிலில் ஏறக்குறைய 600 யென்தான். அவர்கள் இருவருக்கும் ரயில் செலவு ஆளுக்கு 15,000-ஐத் தாண்டவில்லை. மீதி நால்வரும் தனி டிக்கெட். எட்டுப் பேரும் பாஸ் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவில் 1,25,000 யென்னுக்கு மேல் மிச்சம்; நம் பணத்தில் சுமார் 70,000 ரூபாய்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மிக வேகமான நோசோமி ரயிலில் பாஸ் மட்டும் போதாது, கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். அந்தத் தம்பதி தனியாகப் போக வேண்டாம் என்று எல்லாருமே ஹிகாரி ரயிலில் ஏறினோம். கியோட்டோ போக அரை மணி நேரம் கூடுதலாக ஆனது, அவ்வளவுதான்.

அடுத்துப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

பாஸ் நாட்கள் தொடர்ச்சியாக ஓடும். ஒருநாள் உடம்பு சரியில்லை என்று படுத்தாலும் அந்த நாள் கழிந்துவிடும். ஒருவர் பாஸை இன்னொருவர் பயன்படுத்த முடியாது.

டோக்கியோ மெட்ரோவிலும் கியோட்டோ நகரப் பேருந்திலும் இந்தப் பாஸ் செல்லாது. அந்தச் செலவைத் தனியாக வையுங்கள்.

6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்குப் பாஸும் பாதி விலை, டிக்கெட்டும் பாதி விலை.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், டோக்கியோ–ஹிரோஷிமா புல்லட் ரயில்களில் அதற்கான இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். தனிக் கட்டணம் இல்லை.

விலைகள் மாறக்கூடும், கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

கடைசியாக ஒன்று. பாஸ் வேண்டுமா என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். கூட்டத்தில் கேட்டால் எல்லாரும் "சரி" என்றுதான் சொல்வார்கள். தனியாக ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

நாங்கள் போட்ட கணக்குத் தாள் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம்.