எட்டுப் பட்டை
(கலை வரலாற்றிற் பாணி என்பது பற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிவன் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தபோது நான் அங்கு சென்றிருந்தேன். சாரத்தின் மேல் நின்று விமானத்தின் சிகரத்துக்குச் சுதை பூசிக்கொண்டிருந்த முதிய ஸ்தபதியார் கீழே இறங்கியதும், "ஐயா, இது எந்தப் பாணி?" என்று கேட்டேன். பல்லவர் பாணி, சோழர் பாணி என்று ஏதேனுஞ் சொல்வார் என்பது என் எண்ணம். அவரோ, "எட்டுப் பட்டை" என்று மட்டுஞ் சொல்லிவிட்டு வெற்றிலைப் பையை எடுத்தார். என் கேள்வி அவருக்கு விளங்கவில்லை என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன். விளங்காதவன் நானே என்பதை அறியச் சில காலஞ் சென்றது.

கலை வரலாற்றில் நாம் பாணி என்பதை ஐரோப்பியர் 'ஸ்ரைல்' என்பர். மெழுகு பூசிய பலகையில் எழுதும் எழுத்தாணிக்கு இலத்தீன் மொழியில் வழங்கிய பெயரிலிருந்து பிறந்த சொல் அது. கருவியின் பெயர் முதலில் எழுதும் முறைக்கும் பேசும் முறைக்கும் ஆகி, நெடுங்காலத்தின் பின்னரே ஓவியத்துக்குஞ் சிற்பத்துக்கும் ஏறியது. எழுத்தாணி நமக்கும் பழக்கமானதே. ஆனால் நாம் கையை விட்டுக் காலைப் பிடித்து 'நடை' என்றோம்!

பாணிகளுக்குப் பெயரிட்டவர் யார்? கோதிக் என்பதை எடுத்துக்கொள்வோம். புளோரன்சு நகரத்தில் வாழ்ந்த ஓவியர் வசாரி 1550 இல் வெளியிட்ட கலைஞர் வரலாற்றில், கூர்வளைவுகள் கொண்ட பழைய கட்டடங்களை ஒழுங்கற்றவை என்று பழித்து, உரோமைச் சூறையாடிய கோத்தியர் கண்ட முறை இது என்றார். உண்மையில் அம்முறை பாரிசு நகருக்கு அருகே சென் தெனி மடாலயத்தில், 1144 இல் நிறைவேறிய பகுதியில் உருப்பெற்றது. கோத்தியரின் அரசுகள் மறைந்து அப்பொழுது நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பின்னர் 1772 இல், இளைஞராயிருந்த கோதே ஸ்திராஸ்பூர்க்கு நகரத்துப் பேராலயத்தைக் கண்டு உள்ளம் பூரித்து, இதுவே ஜேர்மானியரின் சொந்தக் கட்டடக்கலை என்று எழுதினார். வசை வாழ்த்தாயிற்று. இருவருடைய பேச்சிலும் கல்லைக் காட்டிலும் அவரவர் நாட்டுப்பற்றே மிகுதி.

வின்கெல்மன் என்னும் ஜேர்மானியப் பேரறிஞர் 1764 இல், பண்டையோர் கலை முளைத்து, வளர்ந்து, பூத்து, உதிர்ந்தது என்று வகுத்தார். கிரேக்க நாட்டில் அவர் கால் வைத்ததில்லை. உரோமில் இருந்த சிலைகளை, அவற்றுள்ளும் பெரும்பாலும் பிற்காலப் படிகளை, வைத்தே எழுதினார். ஆயினும் அந்த அளவுகோல் நிலைத்துவிட்டது.

அதை நம் பக்கங் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், வங்காளத்தில் அவுரித் தொழிலாற் பொருளீட்டிய ஜேம்ஸ் பேர்கூசன். கட்டடம் இனத்தின் சான்று என்பது அவர் கொள்கை. 1876 இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் தென்னாட்டுக் கோயில்கள் திராவிட பாணி என ஒரே தொகுதியில் அடங்கின. பாரூத்து, அமராவதி ஆகியவற்றுக்குப் பின் இந்தியச் சிற்பம் இறங்குமுகமே என்பதும் அவர் கருத்து. ஊரூராகச் சென்று பார்த்து எழுதியவரின் உழைப்பைக் குறைத்துப் பேசுதல் நன்றியன்று. ஆனால், நமது கோபுரங்களின் வர்ணச் சுதைச் சிற்பங்களை 'வீழ்ச்சிக் காலத்தவை' என்று நானே மேடையிற் பேசியதுண்டு. அச்சொல் எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அச்சிற்பங்களைச் செய்தவர்கள் அச்சபையில் இருந்தார்களோ என்னவோ!

இனி ஸ்தபதியாரின் விடைக்கு வருவோம். மயமதம் முதலிய சிற்ப நூல்கள் நாகரம், திராவிடம், வேசரம் என மூன்று கூறும். அவை வகுக்கும் முறை எளிது. சதுரமாயின் நாகரம், எட்டோ ஆறோ பட்டையாயின் திராவிடம், வட்டமாயின் வேசரம். மாமல்லபுரத்திலே திரௌபதி இரதமும் அருச்சுனன் இரதமும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன. முன்னதன் கூரை சதுரம். பின்னதன் சிகரம் எட்டுப் பட்டை. பேர்கூசன் கணக்கில் இரண்டும் ஒரே பாணி. ஸ்தபதியார் கணக்கில் வேறு வேறு. தஞ்சையிற் பிறந்த இராம் ராஸ் என்பார் சிற்ப நூல்களை ஆராய்ந்து எழுதியது 1834 இலேயே இலண்டனில் அச்சேறியது. அதாவது, பேர்கூசனுக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன். நான் காலத்தைக் கேட்டேன். அவர் வடிவத்தைச் சொன்னார். அவர் விடை பிழையன்று.

காலத்தை அறிய வழியில்லை என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேல் 1914 இல் அவ்வழியைக் காட்டினார். அவர் தம் காலத்துச் சிற்பிகளிடமே சென்று உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்தார். தூணின் மேலிருந்து உத்திரத்தைத் தாங்கும் போதிகையை நூற்றாண்டு நூற்றாண்டாகத் தொடர்ந்து பார்த்தார். பல்லவர் போதிகை வளைந்து, அலைபோன்ற வரிகள் கொண்டது. சோழர் காலத்தில் அது சரிவாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு முனை நீட்டிற்று. விசயநகரத்தார் காலத்தில் அம்முனை தொங்கும் தாமரை மொட்டாயிற்று. இதில் முளைப்பதும் உதிர்வதும் எங்கே? ஒரு கை செய்ததை மறு கை வாங்கிச் சிறிது மாற்றியிருக்கிறது, அவ்வளவே.

பொலன்னறுவைக்குச் செல்லும் இளைஞர்கள் இரண்டாஞ் சிவாலயமாகிய வானவன்மாதேவீச்சரத்திற் சோழர் கல்வெட்டைத் தேடி ஓடுமுன், சற்று எட்ட நின்று சிகரத்தின் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். நான் முதன்முறை வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை சென்றபோதுதான் எண்ணினேன்.